கமிட் கொடுக்காத இருபது நிமிடம்

வேலை பார்க்கிற இடத்தில் நான் கன்னத்தில் வாங்கிய முதல் அறை, ஒரே ஒரு வரியை எழுத மறந்ததற்காக.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அதன் இரண்டாவது மாடியில், ஏசி மட்டும் ஒழுங்காக ஓடும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, நோயாளிகளின் விவரமெல்லாம் கிடக்கும் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வரவேற்பிலும் வார்டிலும் லேபிலும் இருப்பவர்களுக்கு அழகான திரைகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் போதும். எனக்கு வாய்த்தது கணினித் திரையில் திறக்கும் ஒரு கறுப்புச் சன்னல். அதில் கட்டளையை நானே எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். "நிச்சயமாகவா?" என்று அது ஒருபோதும் கேட்காது. சொன்னதைச் செய்துவிட்டு, எத்தனை வரி மாறியது என்று ஒரு எண்ணைக் காட்டும். அவ்வளவுதான் அதன் பேச்சு.

வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு வார்டில் ஒருவர் இறந்துபோனார். வார்டுத் திரையில் என்னவோ கோளாறு, பதிவை மாற்ற முடியவில்லை, நீங்கள் மாற்றிக்கொடுங்கள் என்று போன் வந்தது. நோயாளிப் பட்டியலில் நிலை என்ற இடத்தில் 'இறந்தார்' என்று போடு என எழுதினேன். எந்த நோயாளிக்கு என்று சொல்லும் வரி அதற்கு அடுத்து வர வேண்டும். விரலுக்கு என்ன அவசரமோ, அந்த வரிக்கு முன்னாலேயே அரைப்புள்ளி போட்டு என்டர் தட்டிவிட்டேன். ஒன்று என்று வர வேண்டிய எண் நூற்று அறுபத்து மூன்று என்று வந்தது. அன்றைக்கு அங்கே படுத்திருந்த அத்தனை பேரையும் நான் கொன்றுவிட்டிருந்தேன்.

பழைய நகலை எடுத்து எல்லோரையும் உயிர்ப்பிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கீழே வரவேற்பில் ஒருவன் வந்து, குடல் ஆபரேஷன் முடிந்த அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டிருக்கிறான். வரவேற்புப் பெண் திரையைப் பார்த்து, "இறந்துட்டாருன்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவன் ஹெல்மெட்டால் கண்ணாடித் தடுப்பை அடித்து நொறுக்கினான். கூட வந்த பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள். சத்தம் கேட்டு, குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, இறந்துபோன அப்பாவே நடந்து வந்து என்னப்பா இங்கே கூத்து என்று கேட்டாராம். மகன் நேரே மாடியேறி என் அறைக்கு வந்து, கன்னத்தில் அறைந்தான். என் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. காது இரைந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் கோபம் வந்தால் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிறவர்கள். எனக்கு மட்டும் கை நீளும். அவனுக்குத் திருப்பி ஒன்று வைத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு விஷயங்கள் என்னிடம் ஒட்டிக்கொண்டன.

முதலாவது, பிகின் என்று அடிக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்ற பழக்கம். பிகின் என்று தொடங்கினால், அதற்குப் பிறகு நான் செய்வதெல்லாம் என் சன்னலுக்குள் மட்டும்தான் மாறியிருக்கும். மற்ற திரைகளுக்குப் பழையதே தெரியும். சரியாக வந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, கமிட் என்று அடித்தால்தான் ஊருக்கெல்லாம் மாறும். தப்பென்றால் ரோல்பேக் என்று அடித்து ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து போகலாம். இடையில் இருக்கும்போது வரியின் தொடக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி நிற்கும், வேலை இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளமாக. கன்னத்தில் வாங்கிக் கற்ற பாடம் என்பதால் இந்தப் பழக்கத்தில் எனக்கு மிதப்பே உண்டு.

இரண்டாவது, அந்த வரவேற்புப் பெண்ணோடு சண்டை. கடற்கரைப் பக்கத்துப் பெண். வாய் நீளம். ஒருவரை இறந்துவிட்டார் என்று சொல்வதற்கு முன் வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கக் கூடாதா என்று நான் கத்தினேன். "பெட்டியில இருக்கதத்தானே நான் வாசிக்க முடியும்? நீங்க ஒழுங்கா எழுதுங்க, நான் ஒழுங்கா வாசிக்கேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் அதிகம் எரிந்தது. அதற்குப் பிறகு அவளோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காவலாளியிடம் சொல்லி அனுப்புவேன். மூன்று வருடமாக இப்படியே ஓடியது.

பிறகு அந்த மனிதரைக் கொண்டு வந்தார்கள்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றோரத்து ஊர். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் சித்தப்பா மக்களோடு தகராறு. யாருடைய நாளில் யார் மடையைத் திறந்தது என்று தொடங்கி, வாழைத்தார் வெட்டுகிற அருவாளில் போய் முடிந்திருக்கிறது. வலது தோளில் ஒரு வெட்டு, எலும்பு வரை. இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. கழுத்துக்கு வீசியதை அந்தக் கையால்தான் தடுத்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் படியில் நின்றேன். போர்த்தியிருந்த வேட்டியிலிருந்து சொட்டிய ரத்தம் லிஃப்ட் வரை ஒரு கோடாகப் போயிருந்தது. துடைக்கிற அம்மா பின்னாலேயே மாப்பைத் தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்தரை மணிக்கு அவருடைய மனைவி என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். சேலையில் காய்ந்த ரத்தம் கறுத்துப்போய் மொடமொடவென்று நின்றது. மாற்றுச் சேலை எடுத்து வர ஊருக்குப் போக ஆள் இல்லை.

"யக்கா, நீங்கதான் பெட்டில உள்ளதை மாத்துத ஆளாமே. சிஸ்டர் சொன்னாவ."

என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அவிய பேரு கீழ தெரியுது. யாரு வந்து கேட்டாலும் அந்தப் பிள்ள வாசிச்சுச் சொல்லுது. மூணாவது மாடி, ஐசியூ, நாலாவது கட்டிலுன்னு. நானே போயி ஆளு மாதிரி கேட்டுப் பாத்தேன். எனக்கும் சொல்லுது."

"கீழ போலீஸ்காரர் உக்காந்திருக்காருல்லா?"

"இருக்காரு. அவருக்கு இவனுவ மூஞ்சி தெரியுமா? அவனுவ அருவாளத் தூக்கிக்கிட்டா வரப் போறானுவ? பழம் வாங்கிக்கிட்டு வருவானுவ. நாங்க சொக்காரங்க, எங்க அண்ணனப் பாக்க வந்திருக்கோம்னு சொல்லுவானுவ. பழத்தோட வந்தவன யாரு போகாதன்னு சொல்லுவா?"

அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. எங்கள் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் ஒரு கிலோ சாத்துக்குடியோடு வந்து கட்டில் ஓரம் நின்றுவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால்தான் ஊர் பேசும். பழப்பையோடு வருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்க எந்தக் காவலாளிக்கும் மனசு வராது.

"ரெண்டு நாளா அந்த வாசல விட்டு நவுரல யக்கா. கக்கூசுக்குக்கூட ஓடிப் போயிட்டு ஓடி வாரேன். இப்பவும் சிஸ்டர நிக்கச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். பேர மாத்தி விடுங்க. கட்டில மாத்தி விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பதிவை மாற்ற மேலதிகாரியின் கடிதம் வேண்டும் என்பது விதி. விதி கிடக்கிறது என்று கீபோர்டை இழுத்தேன். பிகின். அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட வேண்டும். அவசரத்தில் ஒரு பெயரும் தோன்றவில்லை. என் அப்பாவின் பெயரைப் போட்டேன். கட்டில், தரைத்தளத்து எலும்பு முறிவு வார்டு. எந்த நோயாளி என்ற வரியை மறக்கவில்லை. ஒரு வரி மாறியது என்று காட்டியது. எடுத்துக் காட்டச் சொன்னேன். புதுப்பெயர், புதுக்கட்டில், எல்லாம் கச்சிதம். அவளுக்கும் தெரியட்டும் என்று திரையைத் திருப்பினேன். எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தாள்.

"மாத்தியாச்சு" என்றேன். "இனி யாரு வந்து கேட்டாலும் அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது. போ, போயி முதல்ல ஒரு வாய் காப்பி குடி. இட்லி ஏதும் தின்னு. நீ விழுந்துட்டா அவரை யாரு பாப்பா?"

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கமிட் என்று அடிக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. லேபிலிருந்து.

"மேடம், இங்க அடிதடி. ரிசல்ட் பிரிண்ட் ஆவல. கூட வந்தவன் பிரிண்டரத் தூக்கி அடிச்சுட்டான். டெக்னீசியனப் போட்டு மிதிக்கானுவ."

எழுந்து ஓடினேன். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் நின்றதைக் கண் பார்த்தது. பார்த்ததா என்று கேட்டால், பார்த்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. ஆனால் காது முழுக்க லேபின் கூச்சல்.

லேப் தரைத்தளத்தில், கட்டிடத்தின் பின்பக்கம். மூன்று பேர். டெக்னீசியன் மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தார், மூக்கிலிருந்து ரத்தம். ஒருவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலால் அடியில் உதைத்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மாவுக்கு டெங்குவா இல்லையா என்று காலையிலிருந்து யாரும் சொல்லவில்லையாம். நான் பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினேன். அவன் திரும்பி என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் தள்ளினான். ரத்த மாதிரிக் குழாய்கள் வைத்திருந்த தட்டு சரிந்து, யார் யாருடைய ரத்தமோ தரையெல்லாம் சிந்தியது. காவலாளிகள் வந்து பிரித்தார்கள். பிறகு நான் மூச்சிரைக்க உட்கார்ந்து, வேறொரு பிரிண்டரை இணைத்து, அவன் அம்மாவின் ரிசல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். டெங்கு இல்லை. அவன் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று அழுதான். அடித்தவனுக்கு நானே தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் இருக்கும்.

அப்போதுதான் ஐசியூ நர்ஸிடமிருந்து அழைப்பு.

"மேடம், நாலாவது பெட் பேஷண்டுக்கு மருந்து என்ட்ரி போட முடியல. மத்தவங்களுக்கெல்லாம் சேவ் ஆவுது. அவருக்கு மட்டும் சுத்திக்கிட்டே கெடக்கு."

கமிட் அடிக்காமல் ஓடி வந்தது அப்போதுதான் உறைத்தது. ஒரு வரியை ஒருவர் மாற்றத் தொடங்கிவிட்டு முடிக்காமல் போனால், அடுத்தவர் அந்த வரியைத் தொட முடியாது. காத்துக் கிடக்க வேண்டும். தொடத்தான் முடியாது. வாசிக்கலாம். யார் வேண்டுமானாலும் பழைய பெயரை, பழைய கட்டிலை, தாராளமாக வாசிக்கலாம்.

வரவேற்புக்கு உள்தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அவரைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லாதே என்று நான்கு சொல் போதும். மூன்று வருடத்து வைராக்கியம் அந்த நேரத்திலும் என்னை விடவில்லை. அவளிடம் போய்ச் சொல்வானேன், நானே ஓடிப்போய் முடித்துவிடலாம் என்றுதான் கால் ஓடியது.

முதல் மாடித் திருப்பத்தில் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். துவைத்த வேட்டி, சட்டை. ஒருவன் கையில் மஞ்சள் பை, மேலே சாத்துக்குடி தெரிந்தது. நான் ஓடி வருவதைப் பார்த்து மூத்தவன் மற்றவனின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"தள்ளி நில்லுலே. அக்கா அவசரமாப் போறாவ."

நான் நன்றி சொன்னேன். வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு அவர்களைத் தாண்டி இரண்டாவது மாடிக்கு ஏறி, என் அறைக்குள் போய், நின்றுகொண்டே கமிட் என்று அடித்தேன். கமிட் என்று அதுவும் திருப்பிச் சொன்னது. நட்சத்திரம் மறைந்தது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் மஞ்சள் பை மனதில் தட்டியது. எழுந்திருப்பதற்குள் தலைக்கு மேலே முதல் அலறல் கேட்டது.

நான் போனபோது முடிந்திருந்தது. ஐசியூவின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமிருந்து ரத்தம் வழிந்தது. சாத்துக்குடிகள் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தன. இதயத்துடிப்பு காட்டும் கருவியின் ஒயர்கள் வெட்டுப்பட்டு, அது நீளமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இந்த முறை தடுக்க அவருக்குக் கை இல்லை, இரண்டு கையும் கட்டுப் போட்டிருந்தது. நர்ஸ் மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து தன் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் ஓடவில்லை. வராண்டாவில் பைய நடந்து போய் படியில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர் ஏறி வந்தபோது அருவாளைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

அவர் மனைவி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தாள். கையில் பாதி குடித்த காப்பி டம்ளர் அப்படியே இருந்தது.

விசாரணை நடந்தது. வரவேற்புத் திரையை எல்லோருமாகப் போய்ப் பார்த்தார்கள். அதில் இறந்தவரின் பெயரே இல்லை. நாலாவது கட்டிலும் இல்லை. தரைத்தள வார்டில் என் அப்பாவின் பெயர்தான் இருந்தது. பெயர் மாறியிருந்தும் மூணாவது மாடி என்று எப்படிச் சொன்னாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். "பெட்டியில இருந்ததத்தான் வாசிச்சேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். யாரும் நம்பவில்லை. பணம் வாங்கியிருப்பாள், பழக்கம் இருந்திருக்கும் என்றார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள். "நான் பதிவை மாற்றினேன்" என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் என் வேலை தெரியாது. பிகின் எப்போது, கமிட் எப்போது என்று பதிவேட்டுக் கோப்பில் விநாடி வரை இருந்தது. அதைத் திறந்து படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். படித்துவிட்டு மூடி வைத்தேன். பயந்துபோயிருந்தேன். கோழை என்று சொன்னாலும் சரிதான்.

பதினேழு நாள் அப்படி இருந்தேன். வரவேற்புப் பெண் தினமும் வேலைக்கு வந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. முன்பு நான் ஒருத்திதான் பேசாதிருந்தேன், இப்போது மருத்துவமனை முழுக்க.

பதினெட்டாம் நாள் இறந்தவரின் மனைவி ஏதோ காகிதம் வாங்க வந்தாள். நான் சாப்பிடக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் வரவேற்பு மேசைக்கு மேலே எக்கி, அந்தப் பெண்ணின் சடையைச் சுற்றிப் பிடித்து இழுத்து, முகத்தை மேசையில் இடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. "எத்தன ரூவாக்குட்டி வித்த? சொல்லுட்டி, எங்க அவிய உசுர எத்தன ரூவாக்கு வித்த?" உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அந்தப் பெண் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. இடிபட்டுக்கொண்டே, "பெட்டியில இருந்ததத்தான் வாசிச்சேன்" என்றாள்.

நான் போய் இறந்தவரின் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவளை விடு. அவ பொய் சொல்லல. நான்தான்."

அவள் சடையை விடவில்லை. என்னைப் பார்த்தாள்.

எப்படிச் சொல்வது? பிகின், நட்சத்திரம், என் சன்னல், அவர்கள் சன்னல். உளறினேன். நான் மாற்றினேன், ஆனால் முடிக்கவில்லை, என் திரையில் மட்டும் மாறியிருந்தது, கீழே மாறவில்லை, லேபில் சண்டை, ஓடினேன், திரும்பி வந்து முடித்தேன், அதற்குள் அவர்கள் படியேறிவிட்டார்கள், எனக்கு வழிகூட விட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஹால் முழுக்க நின்று கேட்டது.

அவள் கை சடையிலிருந்து கழன்றது. ஓங்குவாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். முன்பு ஒரு தவறுக்கு ஓர் அறை கிடைத்தது, அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகப் போய் வேலையைப் பார்த்தேன். இதற்கும் அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அவள் அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீங்க மாத்தியாச்சுன்னு சொன்னீயளே யக்கா" என்றாள். "அதனாலதானே நான் காப்பி குடிக்கப் போனேன்."